சும்மா இருக்கும் புண்ணியம்

ஆதிசேஷனே மலையாகப் படுத்திருக்கிறான், சிரசு திருமலையிலும் நடுவுடல் அகோபிலத்திலும் வால் ஸ்ரீசைலத்திலும் கிடக்கின்றன என்பது எங்கள் பக்கத்து ஐதீகம். அந்த மகாசர்ப்பத்தின் தலைமீதேறி, 'கோவிந்தா' என்று உருகி, மொட்டையும் அடித்துக்கொண்டு இறங்கிவரும் பக்தசிரோமணியே, அன்று மாலை தம் கொல்லையில் விறகடுக்கின் கீழ் ஒரு சாரை நெளியக் கண்டால், தெருவைக் கூட்டிக் கடப்பாரை கேட்கிறார். அதற்கு விஷமில்லை, எலி பிடித்து நமக்கு ஊழியம் செய்கிறது என்று நான் வக்காலத்து வாங்கினால், "சாருக்கு அதோடு பழக்கமோ?" என்கிறார்.

மற்ற தர்மங்கள் பணமும் சரீரப் பிரயாசையும் கேட்பவை. ஊர்வனவற்றைக் காக்கும் தர்மமோ பெரும்பாலும் சும்மா இருந்தாலே சித்திக்கிறது. சருகைக் கூட்டிக் கொளுத்தாவிட்டால் அரணை பிழைக்கும். மதிற்சுவரின் பொந்தைப் பூசாவிட்டால் ஓணான் குடியிருக்கும். நாகுல சவிதியன்று புற்றில் பால் வார்க்காவிட்டால், பாலை ஆகாரமாகக் கொள்ளாத நாகமும் நிம்மதியாயிருக்கும், நமக்கும் காபிக்குப் பால் மிஞ்சும். இதை நான் ஜீவகாருண்யம் என்கிறேன். என் மனைவி வேறு பெயர் சொல்கிறாள். ஆனால், இராத்திரியில் டார்ச் எடுத்துக்கொள்வதில் மட்டும் சோம்பல் கூடாது. கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் உலாவும் சீமை இது.

பல்லி விழுந்த பலனைப் பஞ்சாங்கத்தில் பார்த்துக் கலங்கிய சித்தூர்க்காரர்கள், தோஷம் தீர பஸ் ஏறிக் காஞ்சிபுரம் சென்று, வரதராஜர் சந்நிதியில் விதானத்திலுள்ள தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டு வருகிறார்கள். உயிருள்ள தங்கப் பல்லி சேஷாசலத்திலேயே வாசம் செய்யும் சங்கதி அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னை ராஜதானியின் வன அதிகாரியான பெட்டோம் துரை 1870-இல் அதை வர்ணித்து எழுதினார். பிறகு நூறாண்டுக்கு மேல் சாஸ்திரக்ஞர்கள் கண்ணுக்கு அகப்படாதிருந்த அந்தப் பிராணி மறுபடி கண்டெடுக்கப்பட்டதை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகை 1986-இல் பிரசுரித்தது. ஓடையோரத்தில், ஈரமும் நிழலுமான பாறை இடுக்கில், ஆண்பல்லி மஞ்சள் தேய்த்துக் குளித்தாற்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்டைகள் பல சேர்ந்து ஒரே பாறையில் முட்டைகளை வரிசையாக ஒட்டிவைக்கும். அந்த இடத்தில் காதலர்கள் தம் திருநாமங்களைச் செதுக்காமலும், உல்லாசப் பிரயாணிகள் பிரியாணிக்கு அடுப்பு மூட்டாமலும் இருந்தால் போதும். தோஷ பரிகாரத்துக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

சித்தூரிலிருக்கும் என் மைத்துனனுக்குச் சும்மா இருக்கும் கலை கைவரவில்லை. லக்ஷ்மி கடாட்சம் வருமென்று எவனோ சொன்னதைக் கேட்டு, ஒரு நட்சத்திர ஆமையை விலைக்கு வாங்கி, பித்தளைத் தாம்பாளத்தில் அமர்த்தி, தக்காளியும் கீரையும் நைவேத்தியம் செய்துவந்தான். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்றார்கள் பெரியவர்கள். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகவே வரும்படி ஏற்பாடாகியிருக்கிறது என்று நான் விளக்கினேன். 2019-இல் ஜெனீவாவில் தேசங்களெல்லாம் கூடி இந்த ஆமையின் சர்வதேச வியாபாரத்தைத் தடுத்ததையும், இங்கே வீட்டில் வைத்திருப்பதற்கே சிறைவாசம் உண்டென்பதையும், நாமாகக் காட்டில் விடாமல் வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை என்பதையும் சொல்லச் சொல்ல, அவன் முகம் ஆமை தலையை இழுத்துக்கொள்வதற்கு முன்னதாகவே சுருங்கிவிட்டது.

நெடுநேரம் யோசித்துவிட்டு, "ஒப்படைத்துவிடுகிறேன் மாமா," என்றான். "தாம்பாளத்தை மட்டும் திருப்பித் தந்துவிடுவார்கள் அல்லவா?"