கோரைக்கு ஜல்லி மெத்தை

வீட்டு முன்னால் எட்டடிக்குப் பத்தடி புல்தரை. புல் என்பது மரியாதைக்குச் சொல்வது. கோரையும் தொட்டாற்சிணுங்கியும்தான் அங்கே கூட்டணி ஆட்சி. இங்கிலாந்தின் எசெக்ஸில் பெத் சாட்டோ என்ற அம்மையார், 1990களின் தொடக்கத்தில் பழைய கார் நிறுத்துமிடத்தைச் சரளைத் தோட்டமாக்கி, தண்ணீரே ஊற்றாமல் வளர்த்தாராம். படித்ததும் ஆசை பற்றிக்கொண்டது. அவர் ஊரில் ஆண்டுக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. சென்னையில் இரண்டு மடங்குக்கும் மேல், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில். இந்தக் கணக்கை ஜல்லி லோடு இறங்கிய பிறகுதான் போட்டேன்.

கருப்புத் துணி விரித்து, முக்கால் இஞ்ச் ஜல்லியைக் கொட்டிய கொத்தனார், "இனிமே ஒரு புல்லு தலைதூக்காது சார்" என்றார். உண்மைதான், புல் தலைதூக்கவில்லை. பதினோராம் நாள் கோரைதான் துணியை ஊசிபோலக் குத்திக்கொண்டு எழுந்தது. பிடுங்கினால் தாள் மட்டும் கையோடு வருகிறது. கிழங்கு துணிக்கடியில் குடும்பத்தோடு பத்திரம். முன்பெல்லாம் களைக்கொட்டு போதும். இப்போது முதலில் ஜல்லி அள்ள வேண்டியிருக்கிறது.

எதிர்வீட்டுப் பாட்டி தினமும் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "ஏம்ப்பா, ஜல்லி வந்து மாசமாச்சே, காங்கிரீட் என்னைக்கு?"