மனசும் கல்லாப்பெட்டியும்

கேள்வி: மகள் உளவியலும் பி.பி.ஏ.வும் சேர்த்துப் படிக்கப் போகிறாளாம். இரண்டும் ஒட்டுமா?
– ஒரு தகப்பனார், திருமங்கலம்

பதில்: மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் உட்கார்ந்து பாருங்கள். ஐம்பது புடவையை விரித்துப் போட்டு, காபியும் வரவழைத்துக் கொடுத்த பிறகுதான் விலையைச் சொல்வார்கள். அதற்குமேல் சும்மா எழுந்து போக யாருக்கு மனசு வரும்? வியாபாரத்துக்குள்ளேயே உளவியல் இருக்கிறது; இரண்டும் நன்றாகவே ஒட்டும்.

2002இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமனும் உளவியல்காரர்தான்.

உள்ளூர் உதாரணம் வேண்டுமா? 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. அறுவை சிகிச்சை இலவசம் என்றாலும் கிராமத்தில் பலர் வரவில்லை. பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு ஆள், கத்தி பயம் எனப் பல தடைகள். ஊர்களில் நடத்திய கண் முகாமிலிருந்தே நோயாளிகளை பஸ்ஸில் ஏற்றி, சோறு போட்டு, சிகிச்சை முடித்து ஊர் சேர்த்தது மருத்துவமனை. மனசைப் புரிந்துகொண்டது ஒரு பாதி. கட்டணம் செலுத்துவோர் வருமானத்தில் இலவசத்தையும் தாங்கிய கணக்கு மறுபாதி. 1993இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி இதைப் பாடமாக்கியது.

ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. 2022இல் அனுமதி தந்தது. நேரடி வகுப்புகள் என்றால் நேரம் மோதக் கூடாது. உளவியலைத் தொலைநிலையில் நடத்த 2025 முதல் தடை. ஆகவே உளவியல் கல்லூரியில், பி.பி.ஏ. தபாலில்.

பணம் கட்டுமுன் இரண்டு தேர்வு அட்டவணைகளையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு பரீட்சையும் ஒரே நாளில் வந்தால் கானமனே வந்தாலும் காப்பாற்ற முடியாது!