வெய்ரானுக்கு எண்ணெய்க் குளியல்

புகாட்டி வெய்ரான் வைத்திருப்பவர்களின் பொறுப்புணர்வை மெச்சாமல் இருக்க முடியாது. 16 சிலிண்டர், 4 டர்போ, 10 ரேடியேட்டர்! அதற்கு ஆயில் மாற்ற, தெருமுனை மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுவிட்டு எதிர்க்கடையில் டீ குடிக்கவா முடியும்? அவர் நட்டைக் கழற்றுவார், பழைய பெயின்ட் டப்பாவில் வடிப்பார், இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் சார்" என்று மானத்தை வாங்குவார்.

வெய்ரானுக்கு அங்கீகாரம் பெற்ற நிபுணர்தான். சக்கரங்கள், பின்புற பாகங்கள் எல்லாம் கழன்றாக வேண்டும். வடிக்க மட்டும் 16 மூடிகள் என்கிறார்கள். ஒன்று போதும் என்பது ஏழைகளின் சிந்தனை. பில் 20,000 டாலருக்கு மேல். அந்தக் காசுக்குப் புதுக் காரே வாங்கலாமே என்று கேட்காதீர்கள். அதற்கும் ஆயில் மாற்ற வேண்டாமா?

வண்டி என்னவோ ஆண்டு முழுக்க ஏசி கராஜில்தான் நிற்கிறது. ஆனால் ஆயிலை மாற்றச் சொல்வது கிலோமீட்டர் அல்ல, காலண்டர். வடிந்து வருவது பளபளக்கும் பொன்னிறம்.

உரிமையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அதைக் கொட்டிவிடாதீர்கள். என் ஸ்பிளெண்டருக்கு ஒரு லிட்டர் போதும்.