மேலிடத்துக்கு ஒரு புறத்தொடர்புப் பணியாளரின் பணிவான மடல்

பெறுநர்: உயர்திரு மேலிடத்தார் அவர்கள்

பொருள்: சட்ட ஆலோசனை இல்லாமலே சட்டத்தை அமல்படுத்தப் பழக்கியமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: பதில் வராத என் முந்தைய கடிதங்கள்.

ஐயா,

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மாதம் 10,592 ரூபாய் தொகுப்பூதியம் வாங்கும் அடியேன் எழுதுவது.

சட்டம் என்னை ஒருபோதும் மறப்பதில்லை. பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் தராவிட்டால் போக்சோ 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவில் அதே ஆறு மாதம். இரண்டாவதை நான் மறந்துவிடக் கூடாதென்றுதான், "மீட்ட குழந்தையோடு போட்டோ எடுத்து குரூப்பில் போடவும்" என்று உத்தரவிடுகிறீர்கள் போலும்.

வெள்ளிக்கிழமை இரவு ஒரு கல்யாண மண்டபம். பெண்ணுக்கு வயது 16. ஞாயிறு அதிகாலை முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வக்கீலோடு தயாராக நின்றார்கள். "எந்த செக்‌ஷன்ல நிறுத்துறீங்க மேடம்?" என்றார் அவர். அலகின் சட்டம் சார்ந்த நன்னடத்தை அலுவலரைக் கேட்கலாமென்றால், அந்தப் பணியிடம் காலி.

"குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006, பிரிவு 13. நடுவரிடம் தடையாணை கேளுங்கள், அவசரமென்றால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ்கூட வேண்டாம்" என்று யாராவது சொல்லியிருந்தால் போதும். தடையாணையை மீறித் தாலி கட்டினால் அந்தக் கல்யாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. தடையாணை இல்லையென்றால், பிறகு பெண் தரப்பே மனுப் போட்டுக் கோர்ட் படியேறி ரத்துக் கேட்க வேண்டும். ஒரு போன் அழைப்பில் தீர்வதற்கு அந்தப் பிள்ளை வருஷக்கணக்கில் அலைய வேண்டும்.

சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண் என்பதால் எனக்கு இலவச வக்கீல் உண்டு. தாங்கள் தரும் சம்பளத்தின் புண்ணியத்தில், என்னோடு வேலை பார்க்கும் அண்ணனும் ஏழை என்ற கணக்கில் தகுதி பெறுகிறார். பணியாளர் என்ற கணக்கில்தான் எங்கள் இருவருக்கும் யாருமில்லை.

ஆகவே கேட்பது: இரவிலும் எடுக்கப்படும் ஒரு வக்கீலின் போன் எண், பெயரும் தேதியும் நிரப்பினால் போதுமான 13-ஆம் பிரிவு மனுப் படிவம், சாட்சிக் கூண்டில் குறுக்கு விசாரணைக்கு முன் எங்களைத் தயார்படுத்த ஒருவர்.

இப்படி எழுதியதற்கு விளக்கம் கேட்டு மெமோ வரும். அதற்கு முன் தங்கள் சட்டப் பிரிவின் கருத்தையும் கேட்பீர்கள். அந்தப் பிரிவின் போன் எண்ணை மெமோவின் ஓரத்தில் குறித்தனுப்ப வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
புறத்தொடர்புப் பணியாளர்