அடுப்பு பார்க்கும் படலம்

ரிஷிவந்தியம் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் பெண் பார்ப்பதைவிட அடுப்பு பார்ப்பதில்தான் கறார். கள்ளக்குறிச்சியில் நாலு கடை ஏறி, நாலு பர்னர் கண்ணாடி அடுப்பு வாங்கி, கிரானைட் மேடையை வெட்டிப் பதித்தாயிற்று. இப்போது அதன்மேல் துண்டு விரித்திருக்கிறது. கீறல் விழக் கூடாதாம்.

சமையல்? 2006–11 கலைஞர் ஆட்சியில் இலவசமாகக் கிடைத்த காஸ் அடுப்பில், பின்கட்டில். அதுவும் காப்பித் தண்ணிக்கு மட்டும். சோறும் குழம்பும் விறகடுப்பில்தான். கொல்லையில் மரவள்ளிக் குச்சி காய்ந்து கிடக்கும்போது 14.2 கிலோ சிலிண்டரை எவன் கரைப்பான்?

மருமகள் இண்டக்ஷன் வாங்கி வந்தார். மாமியார் மண்சட்டியை ஏற்றினார். 'கீச்' என்று கத்திவிட்டு அணைந்தது. அலுமினியக் குண்டானுக்கும் அதே மரியாதை. அடியில் காந்தம் ஒட்டினால்தான் சூடாகும் என்று மருமகள் விளக்க, “ஏம்மா, ஆளு பாத்து எரியுற அடுப்பா இது?” என்றார் மாமியார்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பிள்ளையாரைப் பிடுங்கிக்கொண்டு இருவரும் பாத்திரக்கடைக்குப் போனார்கள். பில், அடுப்பின் விலையைப் போல இரண்டு மடங்கு.