ஒரு பீரோவுக்குப் பொன்னாடை

முன்னாள் மாணவர் சந்திப்புக்குப் போயிருந்தேன். கும்பகோணத்தில் பஸ் ஏறினால் போய்விடக்கூடிய கல்லூரிதான். புகழுக்குக் கூச்சப்படுகிறவர்கள், பெயர் வேண்டாம். தாவரவியல் துறை மூலையில் அந்தப் பச்சை பீரோ இன்னும் நிற்கிறது. உள்ளே நாங்கள் செடிகளை உலர்த்தி ஒட்டிக்கொடுத்த ஹெர்பேரியம் தாள்கள். ஆளுக்கு முப்பது தாள் கொடுத்தால்தான் அன்றைக்கு பிராக்டிகல் பரீட்சை.

பீரோவைக் காத்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். சாவி வைத்திருந்தவர் ஓய்வு பெற்றபோது சாவியும் அவரோடு ஓய்வு பெற்றுவிட்டது. அதன் பிறகு திருடனும் திறக்கவில்லை, ஆராய்ச்சியாளனும் திறக்கவில்லை. கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வருகிற வருடங்களில் வெளிப்புறத்துக்குப் புது பெயிண்ட் உண்டு. எனக்காகப் பெரிய மனது பண்ணிப் பூட்டை உடைத்தார்கள். உள்ளே சிகரெட் வண்டு. புகையிலையும் தின்னும், ஹெர்பேரியமும் தின்னும். அந்தத் துறையில் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் அத்தனை தாளையும் கரைத்துக் குடித்தது அது ஒன்றுதான். முனைவர் பட்டம் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்துருண்டை வாங்கிய கணக்கு மட்டும் வருடா வருடம் பதிவேட்டில் சுத்தமாக இருக்கிறது.

சீட்டுகள் பிழைத்திருந்தன. 'இடம்: ஆற்றங்கரை.' அரசலாறா, குடமுருட்டியா, வீரசோழனா? காவிரி பெற்ற பிள்ளைகளுக்குள் ஓரவஞ்சனை காட்டாத மனசு. தேதிக் கட்டம் காலி. காலத்தை வென்ற செடிகள்.

இந்தப் பக்குவம் எல்லோருக்கும் வராது. தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு 1768இல் வைத்தியராக வந்த கோனிக்குக்கு வரவில்லை. லின்னேயஸிடம் படித்த மனிதர். பறித்ததை உலர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அடுத்து அதே ஊருக்கு வந்த ராட்லர் பாதிரியார், தமிழ் அகராதி தொகுத்தது போதாதென்று செடிகளையும் தொகுத்தார். அந்தத் தாள்கள் லண்டனில் க்யூ தோட்டத்தில் இருக்கின்றன. அங்கே வண்டுக்கு ஒரு வாய் கொடுப்பதில்லை. ஜீவகாருண்யம் தெரியாத தேசம். கோனிக் பெயரை லின்னேயஸ் ஒரு செடிக்கு வைத்தார்: கறிவேப்பிலைக்கு. நாம் அதை மதிக்கும் விதம் சாப்பிட்டு எழுந்த இலையைப் பார்த்தால் தெரியும்.

வெளிநாட்டுக்காரனை விடுங்கள். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கே.எம். மேத்யூ என்றொரு பாதிரியார் 1967இல் ராபினாட் ஹெர்பேரியத்தைத் தொடங்கினார். வெயில் மழை பாராமல் காடு மேடெல்லாம் அலைந்து, தாளுக்குத் தாள் எண்ணும் தேதியும் போட்டு, எண்பதுகளில் அதையெல்லாம் பாகம் பாகமாகப் புத்தகமாக்கியும் தொலைத்தார். இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்துகொண்டு அக்கம்பக்கத்துக் கல்லூரிகளை இப்படித் தர்மசங்கடப்படுத்தலாமா?

காய்ந்த இலையைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது என்று துறையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1987இல் வுட்வர்ட் என்ற ஆங்கிலேயர் இருநூறு வருடத்து ஹெர்பேரியம் இலைகளை எடுத்து இலைத்துளைகளை எண்ணிப் பார்த்தார். சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தன. காற்றில் கரியமிலவாயு கூடக்கூட இலை தன் வாசல்களைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் அந்த மனிதருக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்திருக்குமா? பழைய இலையின் தழைச்சத்து எங்கிருந்து வந்தது என்றுகூட இப்போது ஓரளவு கணிக்கிறார்கள். ஆடுதுறை 27 ரகமும் யூரியா மூட்டையும் வயலுக்கு வருவதற்கு முன்னால் வாய்க்கால் கரைக் கோரை எதைத் தின்று வளர்ந்தது என்று பீரோவின் அடித்தட்டைக் கேட்டிருக்கலாம். எங்களுக்கு முந்தியவர்கள் ஒட்டிய தாள்கள் அங்கேதான் இருந்தன. இனி யாரும் கேட்க முடியாது. எவ்வளவு பெரிய வம்பு தீர்ந்தது.

புதிய முறையும் துறைக்குத் தெரியும். ஒரு துண்டு இலையைக் காகிதக் காபி ஃபில்டரில் போட்டு, சிலிக்கா ஜெல் மணிகளுக்குள் வைத்தால் ஒரே நாளில் காய்ந்துவிடும், உள்ளே டி.என்.ஏ. பல வருடம் கெடாது. பித்தளை ஃபில்டரில் டிகிரி காபி இறக்குகிற சீமையில் காகித ஃபில்டருக்கு எங்கே போவது? பண்பாட்டை விட்டுக்கொடுக்காமல் அந்தத் திட்டத்தையே விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

என் தாள் ஒன்றும் கிடைத்தது. தைத்த நூல் அப்படியே இருந்தது, செடி இல்லை. சீட்டில் என் கையெழுத்து: 'கறிவேப்பிலை. இடம்: வீட்டுக் கொல்லை.' யார் வீட்டுக் கொல்லை என்று நானும் எழுதவில்லை. தேதியும் போடவில்லை. துறையின் மரபுக்கு நான் துரோகம் செய்யவில்லை என்பதில் ஒரு திருப்தி.

மாலையில் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பட்டுக்கரைக்கு ஒரு சேதமும் இல்லை, ஒரு பொத்தல் இல்லை. மடிப்பைப் பிரித்தபோது உள்ளேயிருந்து இரண்டு அந்துருண்டை உருண்டு மேடையில் விழுந்தது.