காத்தடைக்கப் போற மருமவனுக்கு

ஏ மருமவனே, மண்டபத்துக்குள்ள விண்ட்சர்ஃபிங், அதான் பலகையில பாய் கட்டி ஓடுற போட்டி, வைக்கப் போறியாமே! தாராளமா வையி. கடல்ல வச்சா நீ நோட்டீசுல போட்ட தேதிக்குக் காத்து வராது. வந்தாலும் அந்தப் பயலுக பாய விரிச்சுக்கிட்டு அரை மைலுக்கு அப்பால ஓடுவானுக, சனம் கண்ண இடுக்கிக்கிட்டு நிக்கும். எல்லாத்துக்கும் மேல, கடக்கரைக்கு வாசல் கிடையாது. டிக்கெட்டு எங்க நின்னு கிழிப்ப?

பாரிசுக்காரன் 1990லயே உன்ன முந்திக்கிட்டான். பெர்சி அரங்கத்துல, பாட்டுக் கச்சேரி நடக்கிற தரையில குளம் கட்டி, ஒரு பக்கம் நெடுக ராட்சசக் காத்தாடிகள நிறுத்தி ஓடவிட்டான். ராபர்ட் தெரீத்தஹாவ்னு ஒரு பிரான்சுக்காரன் அதுலயே பேர் வாங்கிட்டான். 2014ல போலந்துக்காரன் வார்சா தேசிய அரங்கத்துலயும் வச்சான். அதனால கிறுக்குத்தனம்னு சொல்லமாட்டேன். செலவத்தான் சொல்லுதேன்.

குளம் 70 மீட்டர் நீளம், 30 அகலம், ஒரு மீட்டர் ஆழம்னு வச்சாலே 21 லட்சம் லிட்டர். பன்னெண்டாயிரம் லிட்டர் லாரியில 175 நடை! ஆழத்தக் குறைச்சு மிச்சம் பிடிக்கலாம்னு மட்டும் பாக்காத. பலகைக்கு அடியில மீன் செதிலு மாதிரி ஃபின் நீட்டிக்கிட்டு இருக்கு, தரையில தட்டுனா ஆளு குப்புறப் போவான்.

காத்தாடியும் லேசுப்பட்டதில்ல. பக்கத்துல போனவனுக்குப் புயல், எதிர்க்கரையில இருக்கவனுக்கு வெறும் மூச்சு. ரெண்டு காத்தாடிக்கு நடுவுல சந்து விட்டியோ, அந்த எடத்துல பாய் தொங்கிரும். வேகம் பிடிக்க நீளம் பத்தாதுன்னு ஓரத்துல சரிவு மேடை கட்டி, அதுல இருந்து சறுக்கி எறக்குவாக. மணிக்கு 40 கிலோமீட்டர்ல வந்தான்னா ஆறு வினாடியில மறுசுவரு! அங்க மெத்தை கட்டு. நல்ல மெத்தையா கட்டு, வாடகைக் கடை மெத்தை வேணாம்.

கரண்டு போனா என்ன செய்வன்னு யோசிச்சியா? கடல்ல காத்து விழுந்தா நாங்க தண்டு வலிச்சுக் கரை சேருவோம். உன் குளத்துல விழுந்தா உலகச் சூரனெல்லாம் இடுப்புத் தண்ணியில பலகையத் தலையில தூக்கிக்கிட்டு நடந்துதான் ஏறணும். அந்த நேரம் பாத்து எனக்கு முன்வரிசையில ஒரு நாற்காலி போட்டு வையி.